அடுத்த கழுத்து

கென்யாவில் டாசன் துரை நடத்திய பள்ளியில் தாய்பாஷையான கிகூயுவில் பேசிய பையனின் கழுத்தில் மாட்டெலும்பைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்து எவன் அந்தப் பாஷையில் வாய் திறக்கிறானோ, அவன் கழுத்துக்கு அது மாறும். அதுவரை கழற்றக் கூடாது.

கடைசியாகச் சுமந்த முரீதி அதைத் திருப்பித் தரவேயில்லை.

இன்று அவன் பேர்பெற்ற எழுத்தாளன். அவனுடைய முதல் கிகூயு நாவலின் வெளியீட்டு விழாவுக்கு வந்த கிழட்டுத் துரை, கைதட்டலுக்கு ஆசைப்பட்டு, மேடையேறி கிகூயுவில் வணக்கம் சொன்னார்.

முரீதி பைக்குள்ளிருந்த எலும்பை எடுத்து அவர் கழுத்தில் மாட்டினான். அவர் அடித்துச் சொல்லிக்கொடுத்த அதே இங்கிலீஷில் சொன்னான்: “சட்டம் நீங்கள் போட்டதுதானே, சார்? இங்கே யாராவது எங்கள் பாஷையில் ஒரு வார்த்தை பேசட்டும், கழற்றிவிடுகிறேன்.”

துரை சபையைப் பார்த்தார். முன்வரிசை முழுக்க அவருடைய பழைய மாணவர்கள். அத்தனை பேரும் வாயை இறுக மூடிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.