சுவரில் முட்டும் உத்தியோகம்

"மூணுல ஒண்ணுதான் மாப்பிள்ளை. அதுக்கு மேல என் பர்ஸ் தாங்காது" என்று மச்சான் கைப்பேசியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். "எல்லாம் அடுத்த மாசம் வரப்போற கேம். இன்னைக்கே பணம் கட்டினா தள்ளுபடி. கட்டினது திரும்ப வராது. எதை வாங்கலாம், நீங்கதான் சொல்லணும்."

மாப்பிள்ளை கையில் எடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டிலேயே வைத்தான்.

அவன் வீடியோ கேம் கம்பெனியில் பிழை பார்ப்பவன். 'வாள்வனம்' என்ற கேமுக்குள் ஒவ்வொரு சுவராகப் போய் முட்டி, எது தாங்குகிறது, எது ஆளை விழுங்குகிறது என்று எழுதிக் கொடுப்பது வேலை. மற்றவர்கள் வாழ்க்கை வெறுத்துப்போய்ச் சும்மா செய்வதை அவன் மாதச் சம்பளத்துக்குச் செய்துகொண்டிருந்தான்.

அந்த வாள்வனம்தான் கைப்பேசியில் நட்டநடுவில் மின்னியது. அதில் குதிரை தலைகீழாக நடக்கும். கதாநாயகன் வீட்டுக்குள் நுழைந்தால் தலை மட்டும் தெருவிலேயே நின்றுவிடும். எல்லாம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. "முதல்ல வித்துடுவோம், அப்புறம் பாத்துக்கலாம்" என்று மேலிடம் சொல்லிவிட்டது.

வெளியே மூச்சு விடக் கூடாது. போன மாதம் பக்கத்து நாற்காலிக்காரர் மாமியாரிடம் ஒரு வார்த்தை உளறினார். நாற்காலி இப்போது காலி.

மச்சானோ ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகூடப் பார்க்காமல் ஊரார் வீட்டு ஐஸைக் கரைத்துச் சேர்த்த காசு. அவர் மகனுக்குப் பரீட்சை வேறு முடிந்திருந்தது; அவனுக்காகத்தான் இருக்கும்.

"கார் ரேஸ் வாங்குங்களேன் மச்சான்."

"அப்போ உங்க வாள்வனம் நல்லா இல்லையா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"அப்போ நல்லா இருக்கா?"

"அப்படியும் சொல்லலை."

"நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்று மச்சான் தன் தங்கையைப் பார்த்தார். அவள் கைப்பேசிப் பக்கமே திரும்பவில்லை. புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, விவசாய கேம்?"

அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"வாள்வனம்?"

உதடு துடித்தது. கண் கலங்கியது. கையிலிருந்த டம்ளர் தளும்பி, தண்ணீர் சட்டையில் கொட்டியது.

"அதேதான் அண்ணா" என்றாள் அவள்.

'வேண்டாம்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தக் காலி நாற்காலி கண்முன் வந்து நின்றது. மிச்சமிருந்த தண்ணீரோடு சேர்த்துச் சொல்லையும் விழுங்கினான்.

மச்சான் விரலால் ஒரு தட்டு தட்டினார். 'டிங்' என்றது கைப்பேசி. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் போயே போய்விட்டன.

பாவம், அந்தப் பிள்ளை குதிரைமேல் எப்படி ஏறுவான்? அதன் வயிற்றில் அல்லவா உட்கார வேண்டும்! மாப்பிள்ளையால் தலைநிமிர முடியவில்லை.

"மச்சான், நாளைக்கு உங்க பையன் அழுதா என்னைத் திட்டாதீங்க."

"அவன் ஏன் அழறான்?" மச்சான் எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டார். "பிறந்தநாள் பரிசு உங்களுக்குத்தானே மாப்பிள்ளை, அடுத்த மாசத்துலேர்ந்து இதை வீட்டுலயும் விளையாடலாம்!"