அடுப்பேறாத கேக்

செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸின் சமையலறையில் மாலை வெயில் ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளின் வழியே கோடுகோடாக விழுகிறது. தனபாலனின் மனைவி இந்திராணி கேக் சுட்ட மின்னடுப்பு பூப்போட்ட துணிக்கடியில் கிடக்கிறது. அவள் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதுவரை வீட்டு அடுப்பில் இனிப்பு ஏற்றக் கூடாது. ஆனால் இன்று மகள் சுமித்ராவுக்குப் பிறந்தநாள், கேக் உண்டு என்று தனபாலன் வாக்குக் கொடுத்துவிட்டான். குளிர்ந்த தர்பூசணியின் இரு முனைகளையும் வெட்டி, தோலைச் சீவி, செக்கச் செவேலென்று தட்டில் நிறுத்துகிறான். மேலே பப்பாளித் துண்டுகள், உரித்த ரம்புத்தான் பழங்கள். மேசை விளிம்பில் சொட்டும் சாற்றைச் சுமித்ரா விரலில் ஏந்தி நக்குகிறாள்.

வாசலில் அவன் அக்கா பவுனம்மாள் வந்து நிற்கிறாள். "வருசம் திரும்பல, அதுக்குள்ள கேக்கா?" "அடுப்பத் தொடவே இல்லக்கா. வெறும் பழம் லா." அவள் கிட்டே வந்து குனிந்து பார்க்கிறாள். கேக் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. "பட்டறையில ரயில் பெட்டிய நிமுத்துறவனுக்கு இத நிமுத்தத் தெரியல," என்று இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடிக்கிறாள். அவன் அடியைச் சீவுகிறான். "மெழுகுவத்தி வை. ஆனா துக்க வருசத்துல ஊதி அணைக்கக் கூடாதுடி, தானா எரிஞ்சு முடியட்டும்," என்று பவுனம்மாள் சுமித்ராவிடம் சொல்கிறாள். சுமித்ரா தலையாட்டுகிறாள். ஆனாலும் அப்பா ஏற்றிய சுடரைக் கண்டதும் கன்னங்கள் உப்பிவிடுகின்றன. அப்பாவைப் பார்க்கிறாள், அத்தையைப் பார்க்கிறாள். அடக்கிய மூச்சு சிரிப்பாக வெடிக்கிறது, பல மாதங்களாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. சுடர் ஒருமுறை ஆடி, நிமிர்ந்து எரிகிறது.