பூண் போட்ட பைப்

அருளானந்தம் ஒருநாளும் புகைத்ததில்லை. ஆனாலும் குன்னூரில் யார் வீட்டுப் பரணில் பழைய ஆங்கிலேய பைப் கிடந்தாலும் அது கடைசியில் அவரிடம்தான் வந்து சேரும். கையில் வாங்கியதும் முகர்ந்து பார்ப்பார். அசல் பைப்புக்கான பிரையர் மரமா, சாயம் பூசிய வேறு மரமா என்பதை மூக்கே சொல்லிவிடும்.

போன காய்ச்சலோடு அந்த மூக்கு செத்துப்போனது. கேஸ் கசிந்தாலும் இவருக்குத் தெரியாதே என்று பயந்து, மனைவி கிரேஸ்லின் அவரைத் தனியே விட்டுவிட்டுக் கோயிலுக்குக்கூடப் போவதில்லை.

அன்று அசலா போலியா என்று பார்த்துச் சொல்லும்படி ஏலக்கடைக்காரர் கொடுத்தனுப்பிய பைப்பை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிப் பூணில் சிங்கமும் நங்கூரமும் தேய்ந்து தெரிந்தன. பர்மிங்காம் நகரத்து வெள்ளி முத்திரை, பூண் அசல்தான். மரம் எப்படி என்று பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றுமில்லை. உள்ளே படிந்திருந்த கரியைக் கத்தியால் சுரண்டியபோது அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது. பிறகு லேசாக ஏதோ கருகும் வாசனை.

பைப்பை மறுபடி முகர்ந்தார். அதிலிருந்து வரவில்லை.

“கிரேசு, ஏதோ தீயுது பாரு.”

வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அடுப்படிக்கு ஓடி அடுப்பை அணைத்தாள். மூடிய சட்டியோடு அவர் முன்னால் வந்து நின்றாள்.

“என்ன வாசம்னு சொல்லுங்க.”

“பருப்பு. அடிபிடிச்சிருச்சு.”

அவள் சட்டியைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். கூடமெல்லாம் புகை. இருவருமே எழுந்து சன்னலைத் திறக்கவில்லை.