காயாத மாஸ்க்

தட்டுப்பாட்டுக் காலம். அமரவிளைக் கல்யாண மண்டபத்துக் கொரோனா வார்டில், நர்சுகள் அவரவர் மாஸ்க்கைப் பெயரெழுதிய காகித உறையில் போட்டு, நான்கு நாள் காயவைத்துத் திரும்ப அணிந்தார்கள்.

அவர்களில் ஒருத்தியான சோனா அதே நோயில் செத்து இரண்டு வாரம். அவளுடைய உறை மட்டும் தினமும் காலையில் நனைந்திருந்தது. எச்சிலும் பழைய மீன்கறியுமாக நாறியது.

"எறிஞ்சு களயட்டா சேச்சி?" என்றாள் விமலகுமாரி.

"களை மக்கா. பிறத்தியாருக்க எச்சிலாக்கும் வெஷம்னு டிரெயினிங் கிளாஸில சொன்னாவளே," என்றாள் ஹெட் நர்ஸ் விஜயம்மா.

"நர்ஸ் வேலை திருப்தியான சேவைன்னும் சொன்னாவ. த்தூ!"

விமலகுமாரி அந்த உறையை மஞ்சள் கழிவுப் பையில் போட்டு இறுக்கிக் கட்டினாள். காய்ந்திருந்த தன் மாஸ்க்கை எடுத்து மாட்டினாள். உள்ளே ஈரம், இளஞ்சூடு, மீன்கறி.

மூச்சை அடக்கிக்கொண்டாள். மாஸ்க் நிதானமாக உப்பித் தாழ்ந்துகொண்டிருந்தது.