முட்டைக்கு ஒன்று, கறிக்கு இரண்டு

மாத்திரையை விழுங்கியதும் காளியண்ணன் வாயைத் திறந்து காட்டினார். மருமகள் மதுமதி எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். அட்டையின் பின்பக்கம் பேனாவால் அன்றைய தேதியைக் குறித்து, டப்பாவில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

எதிரே உட்கார்ந்திருந்த நாத்தனார் வெண்ணிலா இட்லித் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எங்கப்பன் என்ன ஜெயில் கைதியா?"

"அப்பிடியெல்லாம் இல்லீங்க நங்கையா. தெனம் ஒரு மாத்திரைக்கு மேல போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கறாருங்க."

"அத நீ சொல்றயாக்கும்?"

மதுமதி சட்னிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெண்ணிலா காளியண்ணனின் மூத்த மகள். ஓமலூரில் வாழ்க்கைப்பட்டவள். மகள் பிரசவத்துக்காகப் பெங்களூரில் நாலு மாதம் இருந்துவிட்டு, நேற்றுத்தான் நாமக்கல்லுக்கு அப்பாவைப் பார்க்க வந்திருந்தாள். இங்கே நடந்த கூத்தெல்லாம் தம்பி மோகன்குமார் போனில் சொல்லி அவளுக்குத் தெரியும்.

கொலஸ்ட்ராலுக்குத் தினம் ஒரு மாத்திரை என்றுதான் டாக்டர் கொடுத்திருந்தார். காளியண்ணனோ முட்டை சாப்பிட்டால் கூடுதலாக ஒன்று, கறி சாப்பிட்டால் கூடுதலாக இரண்டு என்று போட ஆரம்பித்தார். முட்டை இல்லாத நாள் அந்த வீட்டில் கிடையாது. ஒன்றரை மாதத்தில் தொடை இரண்டும் கடுத்து, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனது. சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறு நாள் கிடந்தார். தசை கரைந்து ரத்தத்தில் கலந்திருக்கிறது, இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கிட்னியே போயிருக்கும் என்றார்களாம்.

முட்டைக்கு ஒன்று, கறிக்கு இரண்டு என்று சொல்லிக்கொடுத்த மகராசி மதுமதிதான். அதை டாக்டரிடம் அவளே ஒப்புக்கொண்டாள் என்று மோகன்குமார் சொன்னபோது, வெண்ணிலா போனிலேயே பல்லைக் கடித்தாள். மோகன்குமார் ஒரு வாரம் பெண்டாட்டியோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம். ஒரு வாரம் போதுமா என்றுதான் வெண்ணிலாவுக்குத் தோன்றியது.

கையைக் கழுவிவிட்டு வாழப்பாடிச் சித்திக்குப் போன் போட்டாள். சமையலறைக்கு நன்றாகக் கேட்கும்படி பேசினாள். பன்னிரண்டாவது படித்தவள் எல்லாம் மருந்து எழுதிக்கொடுத்தால் குடும்பம் விளங்குமா என்றாள். கறிக்கடைக்காரன் எடை போடுகிற மாதிரி மாத்திரை போடச் சொல்லியிருக்கிறாள், நல்லவேளை தலைக்கறிக்கும் குடலுக்கும் தனி விலைப்பட்டியல் போடவில்லை என்றாள். செய்வதையும் செய்துவிட்டு இப்போது பீரோவைப் பூட்டி நர்ஸ் வேசம் போடுகிறாள் என்றாள்.

சமையலறையில் மிக்சி ஒரு தடவை ஓடி நின்றது. கொஞ்ச நேரத்தில் மதுமதி மோர் கொண்டுவந்து வைத்தாள். வெண்ணிலா அதைத் தொடவில்லை.

"அப்பாவெ நான் ஓமலூருக்குக் கூட்டிப் போறேன். துணிமணி எடுத்து வெய்யி. மாத்திரையும் பைலும் குடு."

மதுமதி ஒரு கணம் தயங்கினாள். பிறகு பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் கொண்டுவந்தாள். டாக்டர் இப்போது குறைந்த அளவு மாத்திரைதான் கொடுத்திருக்கிறார், விருந்தே சாப்பிட்டாலும் ஒன்றுதான் தரவேண்டும் என்றாள். கை கால் கடுத்தாலோ சிறுநீர் நிறம் மாறினாலோ உடனே டாக்டரிடம் போகவேண்டும், நாமாகக் கூட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது, சளிக்கு மாத்திரை வாங்கினாலும் இந்தச் சீட்டைக் காட்டித்தான் வாங்கவேண்டும் என்றாள்.

வெண்ணிலா சிரித்தாள்.

"பெரியவர ஆறு நாள் படுக்க வெச்சவ எனக்குப் பாடம் நடத்தறயா?"

மதுமதி மாமனாரின் வேட்டியை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

கார் வாசலில் நின்றது. வெண்ணிலா பையை ஏற்றிவிட்டுக் கதவைத் திறந்து பிடித்தாள். காளியண்ணன் ஏறவில்லை.

"நான் வரலெ சாமி."

"இன்னுமா அவளுக்குப் பயந்துக்கறீங்க?"

"பயமில்ல." அவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மதுமதி வாசலுக்கு வரவில்லை. "அவளெ நீ இந்தப் பேச்சுப் பேசறது எனக்குப் பொறுக்கலெ. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கறேன். இருந்தாலும் சொல்லிப்போடறேன்."

"என்னத்தெ?"

"ஆஸ்பத்திரியில டாக்டரு கேட்டாரு, இப்பிடிச் சேத்திப் போடச் சொன்னது யாருன்னு. உந்தம்பி கொதிச்சுக்கிட்டு நின்னான். நான் வாயெத் தொறக்கறதுக்குள்ள மதுமதி முந்திக்கிட்டு, 'நாந்தானுங்க சொன்னேன்'னுட்டா."

"அதான் ஒப்புக்கிட்டாளே. இதுல சத்தியம் எதுக்கு?"

"நான் ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே அவகிட்ட உள்ளதெச் சொல்லியிருந்தேன். அப்பறம், 'மக பேறுகாலத்துக்குப் போயிருக்கறவங்க, தெரிஞ்சா ஒடிஞ்சு போயிருவாங்க மாமா, உங்க மகனும் அவங்கள ஊட்டுப்படி ஏற உடமாட்டாரு'ன்னு சொல்லித்தான் எங்கிட்டச் சத்தியம் வாங்குனா."

வெண்ணிலா கார்க் கதவை விட்டுவிட்டு அவர் பக்கம் வந்தாள்.

"'கறி தின்னா ஒண்ணு ரெண்டு சேத்திப் போட்டுக்கங்கப்பா, சரியாப் போயிரும்'னு பெங்களூர்ல இருந்து போன்ல சொன்னது நீதான் சாமி."