முதல் மணியிலேயே எடுக்கிறாள்

பட்டப்பகல். ஜன்னல் வழியே வரும் வெயில் பங்குத் தரகரின் மேசையில் பாதிவரை கிடக்கிறது. நொடித்துக்கொண்டிருக்கும் ஒரு கைபேசி நிறுவனத்தின் பங்கு விலை இன்னும் விழும் என்று கையிலிருந்ததை எல்லாம் வைத்துப் பந்தயம் கட்டியிருக்கிறார் அவர். அது எவ்வளவு தூரம் ஆட்டம் கண்டிருக்கிறது என்று நாடிபிடித்துப் பார்க்க, தினமும் அதன் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு ஃபோன் செய்கிறார். போன மாதம் நாற்பது நிமிடம் காக்கவைத்தார்கள். இன்று முதல் மணியிலேயே ஒரு பெண் எடுக்கிறாள்.

“நேத்து கூப்பிட்டதும் நீங்கதானே சார்? இப்பல்லாம் உங்களைத் தவிர யாருமே கூப்பிடறதில்ல.”

“ஃபோன்ல சார்ஜ் ஏறமாட்டேங்குது” என்று வாய்க்கு வந்ததைச் சொல்கிறார். அவரிடம் அந்தக் கம்பெனி ஃபோனே கிடையாது. மறுமுனையில் துணி உரசும் சத்தம் விடாமல் கேட்கிறது. “அது என்னம்மா சத்தம்?”

“கையை ஆட்டிக்கிட்டே பேசறேன் சார். மாடி முழுக்க நான் ஒருத்திதான், ஜன்னல்கூட கிடையாது. ஆள் அசையலேன்னா லைட் தானா அணைஞ்சிடும்.”

மேசைமேல் கணினித் திரையில் அந்தப் பங்கின் விலையைக் காட்டும் சிவப்புக் கோடு சரேலென்று இறங்குகிறது. அவர் இத்தனை மாதம் காத்திருந்த சரிவு இதுதான். ஆனால் சந்தோஷம் வரவில்லை. உரசல் சத்தம் மெல்லத் தேய்ந்து நின்றுபோகிறது.

“இருக்கீங்களாம்மா?”

“இருக்கேன் சார். கைதான் ஓஞ்சுபோச்சு.” குரல் இப்போது காதுக்கு மிக அருகில் ஒலிக்கிறது. “ஒரே இருட்டா இருக்கு. வச்சிடாதீங்க.”

கோடு இறங்கிக்கொண்டே இருக்கிறது. ரிசீவரை அவரால் காதிலிருந்து எடுக்க முடியவில்லை.