முதலைக்குப் படித்த கதை

"டீச்சர், உங்க கதையை நம்பி என் பொண்ணு ஆத்துக்குப் போயிட்டா!" என்று ஒரு தாய் பள்ளிக்கூட வாசலில் வந்து அலறியதும் ஆசிரியை எஸ்னாத் வகுப்பை விட்டு வெளியே ஓடிவந்தாள். கதை படித்துக் காட்டினால் முதலை தூங்கிவிடும் என்று குழந்தைகளுக்கு எழுதியவள் அவள்தான்.

இருவரும் ஷிரே ஆற்றுக்கு ஓடினார்கள். எட்டு வயது தலாண்டிரா தண்ணீரோரம் மணலில் உட்கார்ந்து, எழுத்துக்கூட்டி உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். பத்தடி தள்ளி நீர்மட்டத்தில் இரண்டு கண்கள். குழந்தை திடுக்கிட்டு எழுந்தால் முதலை பாய்ந்துவிடும். கத்தப்போன தாயின் வாயை எஸ்னாத் பொத்தினாள்.

"கண்ணு, மெதுவா எழுந்து பின்னால வாம்மா."

"இருங்க டீச்சர். இது தூங்கினாத்தான் அம்மா தண்ணி எடுக்க முடியும்."

எஸ்னாத் குழந்தையோடு சேர்ந்து அந்த வரிகளைச் சொல்லியபடி அடிமேல் அடி வைத்தாள். தான் எழுதிய கதை எவ்வளவு சின்னது என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. குழந்தையை எட்ட இன்னும் நாலடி இருக்கையில் தலாண்டிரா கடைசி வரியைப் படித்துப் புத்தகத்தை மூடினாள். எஸ்னாத் நிறுத்தவில்லை. புத்தகத்தில் இல்லாத வரி ஒன்றைச் சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள்.

அந்தக் கண்கள் இரண்டும் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கின.